ஒண்ணாஞ்சால், மூணாஞ்சால்

கோட்டைமேடு, கோவை
12.11.2024, செவ்வாய்

திரு. லட்சுமணசாமி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று பதிப்பகத்திலிருந்து அக்ஷிதா போன் செய்தாள். "மேடம், சார்கிட்ட இருந்து லெட்டர் வந்திருக்குங்க. அட்டையில அவர் பேரை எடுத்திரச் சொல்லியிருக்காருங்க. அந்த எடத்துல என்ன போடட்டுங்க?" என்று கேட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதினோரு வருடம் சேர்ந்து எழுதிய புத்தகம். பேரை எடுப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சொந்த வீட்டுச் சேதியை ஊரார் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆறு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. அதனால் கடிதம். கடிதத்தில் ஒரு வசதி, கோபத்தில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். மேலே அடித்திருக்கும் இரண்டு வரிகளைப் படிக்க முயல வேண்டாம்.

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மீரானுக்கு உள்ளே நாலு மணி நேரம் ஆகிறது, பெண்டாட்டி நான் வெளியே. நம் புத்தகத்தின் மெய்ப்பு முழுவதையும் இந்த பெஞ்சில்தான் திருத்தினேன். இங்கே உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். "திறத்திறம்னா என்னங்க மேடம்?" புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வி! ஆனாலும் சொன்னேன். நாம் சுரம் என்பதைப் பழைய நூல்கள் நரம்பு என்கின்றன. ஏழு நரம்பும் வந்தால் பண். ஆறு வந்தால் பண்ணியல். ஐந்து வந்தால் திறம். நான்கே நான்கு வந்தால் திறத்திறம். பெயரும் வகையும் ஏட்டில் கிடைக்கின்றன, பாட்டுத்தான் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டைத் தேடித்தான் நாங்கள் இரண்டு பேரும் அலைந்தோம், தாராபுரத்துப் பக்கம் அரங்கசாமி ஐயாவிடம் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொன்னேன். நாங்கள் என்றுதான் சொன்னேன்.

தை பிறந்ததும் வெளியீடு. காரணம் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சாஜிதா பேகம்


கிணத்துக்கடவு
19.11.2024

சாஜிதாம்மாவுக்கு,

திரு. போட்டு எனக்கு பாங்க்காரர்களைத் தவிர யாரும் எழுதியதில்லை. படித்ததும் கடன் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் திமிர் இல்லைங்க. காது போய்விட்டது. வருகிற சத்தமெல்லாம் ஒரே இரைச்சல். போன வருடமே இலேசாக ஆரம்பித்தது, உங்களிடம் மறைத்தேன். பையன் சாய்குமார் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதை மாட்டினால் வீட்டுக்காரி வெங்கடலட்சுமி தட்டு வைப்பது இடி விழுந்த மாதிரி கேட்கிறது. பேச்சு பாதி பிடிபடுகிறது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கிறது. எது ரி, எது ம என்று பிரியவே மாட்டேன் என்கிறது.

நான் யாருங்க? முப்பத்தாறு வருடம் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவன். மோட்டார் ஓடும்போது ஸ்குரூட்ரைவரின் முனையைப் பேரிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, எந்த குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொன்னவன். சங்கீதம் நான் முறையாகப் படித்ததில்லை. நீங்கள் ஏட்டைப் பார்த்துக்கொண்டீர்கள், நான் காதைப் பார்த்துக்கொண்டேன், அதுதான் நமக்குள் ஏற்பாடு. இப்போது என் பக்கத்துச் சாமான் பழுது. காது கேட்காதவன் டெஸ்ட் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. ஐந்தாவது நரம்பு அந்தப் பாட்டில் இல்லை என்று இனி நான் எப்படிச் சொல்வது?

அதனால்தான் பெயரை எடுக்கச் சொன்னேன். உங்களிடம் சொன்னால் விட மாட்டீர்கள் என்று தெரியும். வேறு ஒன்றும் இல்லை.

மீரான் பாய்க்கு என் வணக்கம். இளநீர் அனுப்பலாம் என்று பார்த்தேன், டயாலிசிஸ்காரர்களுக்கு அது ஆகாது என்கிறான் சாய்குமார். தோப்பு நிறையக் காய்த்துக் கிடக்கிறது, ஒரு பிரயோஜனமும் இல்லை.

ல.சா.


கோவை
28.11.2024, வியாழன்

லட்சுமணசாமி அண்ணாவுக்கு,

காது விஷயம் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாக மறைத்திருக்கிறீர்கள். அதற்கு நேரில் வந்து சண்டை போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் காரணம் அது இல்லை.

அரங்கசாமி ஐயாவின் பாட்டை நாம் பதிவு செய்தது 2016-ல். அப்போது உங்களுக்குப் பாம்புச் செவி. காரில் போகும்போதே முன்னால் போகிற பஸ்ஸில் எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி மீரானை எரிச்சலூட்டினீர்கள். கேட்டது, கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபார்த்தது, குரல், துத்தம், உழை, இளி, அதாவது ச, ரி, ம, ப என நான்கே நரம்பு என்று எழுதிக் கொடுத்தது எல்லாம் அந்தக் காதோடுதான். அன்றைக்கு நல்ல கண்ணோடு பார்த்துச் சொன்ன சாட்சி இன்றைக்குக் கண் மங்கியதால் பொய்யாகிவிடுமா? நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். வீட்டுப்பாடத்தை எலி தின்றுவிட்டது என்று சொல்கிற முகம் எனக்குக் கடிதத்திலும் தெரியும்.

கடைசி அத்தியாயம் இல்லாவிட்டால் நம் புத்தகம் வெறும் பெயர்ப்பட்டியல். மற்றது எல்லாம் ஏட்டில் இருப்பதை எடுத்துச் சொன்னது. அரங்கசாமி ஐயா பாட்டு ஒன்றுதான் நாம் கொண்டுவந்தது. கிணற்றில் மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைத்த காலத்தில், கவலை, மற்ற ஊர்களில் கமலை என்பார்களே, அதை ஓட்டும்போது பாடிய பாட்டு. ஒவ்வொரு சாலாக எண்ணிக்கொண்டே போவது.

ஒண்ணாஞ்சால் தண்ணி வந்தா ஓடையெல்லாம் நனையுமய்யா
மூணாஞ்சால் தண்ணி வந்தா மொளகாய்ச்செடி முழிக்குமய்யா

இப்படி இருபத்தொன்று வரை, பதினோரு வரி. நம் சனங்கள் வாசல்படி, சீர்த்தட்டு எல்லாவற்றையும் ஒற்றைப்படையில் வைப்பதோடு சேர்த்து அந்த எண்ணிக்கைக்கு நான் ஆறு பக்கம் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். அதற்கு மட்டும் இரண்டு கோடை விடுமுறை போனது.

அண்ணா, எனக்கு வயது அறுபத்தைந்து. இனி இன்னொரு புத்தகம் எழுத மாட்டேன், உடம்பில் தெம்பு இல்லை. இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று மீரான் சொல்கிறார். அவருக்கு எத்தனை தை மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

உண்மையை எழுதுங்கள்.

சாஜிதா


கிணத்துக்கடவு
9.12.2024

சாஜிதாம்மாவுக்கு,

சரிங்க. எழுதிவிடுகிறேன்.

அரங்கசாமி ஐயா இறந்துவிட்டார். செப்டம்பர் மாதம். உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் மீரான் பாய்க்கு ஊசி குத்துகிற கை வீங்கிப்போய் நீங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தீர்கள். நான் மட்டும் பஸ் ஏறி கருமாதிக்குப் போனேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டார், "அப்பா கொரலைக் கேக்கலாமுங்க" என்று நாம் கொடுத்திருந்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் பந்தலின் கடைசி நாற்காலியில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பத்து மூன்று வயசு இருக்கும். யாரோ என்னைக் கைகாட்ட, நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நடுவாலெ இருந்த என்ற எடத்தையெல்லாம் ஆருங்க வெட்டுனது?"

மெஷின் மாட்டியிருந்தும் இரண்டு தடவை கேட்டுத்தான் வார்த்தை பிடிபட்டது. அர்த்தம் பிடிபட இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் பெயர் கெங்குசாமி. அரங்கசாமி ஐயாவின் கூடப்பிறந்த தம்பி. பக்கத்துத் தோட்டம். கிணறு இரண்டு பேருக்கும் பொது. அந்தக் காலத்தில் அந்த ஒரே கிணற்றில் இரண்டு கவலை ஓடியிருக்கிறது. அண்ணன் மாடு சரிவில் இறங்கும்போது தம்பி மாடு பின்னால் ஏறும், தம்பி மாடு இறங்கும்போது அண்ணன் மாடு ஏறும். இறங்குகிறவன் பாடுவான். ஒண்ணாஞ்சால் அண்ணன், ரெண்டாஞ்சால் தம்பி, மூணாஞ்சால் அண்ணன். அந்தப் பாட்டு இரண்டு பேர் பாட்டுங்க. உங்கள் ஆறு பக்க அடிக்குறிப்பு இனிச் செல்லாது, மன்னிக்கணும். அங்கே ஒற்றைப்படையும் இல்லை, சீர்த்தட்டும் இல்லை. பாதிப் பாட்டுத்தான் இருந்தது.

1983-ல் கிணற்றுக்கு மோட்டார் வைக்கும்போது கரண்ட் சர்வீஸை யார் பேரில் எடுப்பது என்று சண்டை. நான் பார்த்த கிணற்றுச் சண்டையில் பாதி இந்தச் சண்டைதான். அண்ணன் பேரில் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு, நாற்பத்தொரு வருடம்.

இப்போது என் திருட்டுக்கு வருகிறேன். நாம் பதிவு செய்தபோது ஐயா ஒவ்வொரு வரி முடிந்ததும் எட்டு விநாடி சும்மா இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? மாடு பின்னால் ஏறுகிற நேரம், பழக்கத்தில் விடுகிறார் என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன். டெஸ்டிங்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் ஓடாத நேரத்தைப் பதிவில் வைக்க மாட்டோம், வெட்டி எறிந்துவிடுவோம். அதே கையோடு அந்த எட்டு விநாடிகளை எல்லாம் வெட்டி, வரியோடு வரியை ஒட்டி, அதையே சேமித்துவிட்டேன். முழுசாக இருந்தது என்னிடம் இல்லை.

அதைத்தான் கெங்குசாமி கேட்டார். அண்ணன் தன் இடத்தை விழுங்கிவிட்டு, தம்பி என்று ஒருத்தன் இருந்ததையே மறந்து ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனதாக அவருக்குப் பட்டுவிட்டது. "ஒட்டிப் பாடியிருக்கான் பாருங்க. என்ற எடத்தெ முளுங்கிப்போட்டான்" என்றார். நான்தான் வெட்டினேன் என்று சத்தியம் செய்தேன். "செத்தவனைக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க. நல்ல மனுசருங்க நீங்க" என்று கும்பிட்டுவிட்டு, கருமாதிச் சோறு உண்ணாமல் போய்விட்டார்.

நடக்கத் தெம்பில்லாத மனுசன், நாற்பத்தொரு வருடம் கழித்து அண்ணன் வாசலுக்கு வந்திருக்கிறார். என் கத்திரி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லைங்க.

தம்பி வரிகளில் எத்தனை நரம்பு என்று எனக்குத் தெரியாது. நாலுக்கு மேல் ஒன்று இருந்தாலும் நம் கடைசி அத்தியாயம் போச்சு. இது தெரிந்த பிறகு என் பெயரைப் போட மனசு வரவில்லை, உங்கள் புத்தகத்தைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. பெயரை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மீரான் பாய் தன் சின்ன ரெக்கார்டரிலும் பிடித்தார். அதில் வெட்டாமல் இருக்கும். கிடைக்குமா?

ல.சா.


கோவை
28.12.2024, சனி

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்தேன். தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் எல்லாம் முடிந்துவிடும் என்று தினமும் நினைத்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் அனுப்பினால் இந்தக் கடிதமும் பொய்.

ரெக்கார்டர் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில், மீரானின் பழைய கண்ணாடிகளோடு. எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரியும்.

உங்கள் கத்திரியைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். அன்று நீங்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஐயாவிடம் நான் கேட்டேன். "ரெட்டைப்படைச் சாலெல்லாம் எங்கேங்க ஐயா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது என்றதில்லீங்க அம்மணி" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். தேதி, இடம், எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறேன். அதன் கீழே யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கையை நீட்டிப் பக்கத்துத் தோட்டத்தைக் காட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் நான்கு ஐந்தாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வி எழாமல் இருக்க ஆறு பக்கம் எழுதினேன். எட்டு வருடம் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளைகளை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன் தெரியுமா?

நீங்கள் தெரியாமல் வெட்டினீர்கள். நான் தெரிந்தே கேட்காமல் விட்டேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று ஒரு பேராசிரியைக்குத் தெரியாமல் போகாது.

நேற்று மீரானிடம் சொன்னேன். "அந்தப் பெரியவருக்கு எம்பத்து மூணு வயசு. உன் புத்தகத்துக்கு வயசே ஆகல. யாரு காத்திருக்க முடியாதுன்னு பாத்துக்க" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் சொல்வது சரி என்பதால் கோபம்.

ரெக்கார்டரையே பார்சலில் அனுப்புகிறேன். பேட்டரி புதிது போட்டிருக்கிறேன். நான் போட்டுக் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் நான் இல்லை. அச்சை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன்.

மிகவும் அசதியாக இருக்கிறது.

சாஜிதா


கிணத்துக்கடவு
21.1.2025

அன்புள்ள சாஜிதாம்மாவுக்கு,

பொங்கல் கழிந்து, மாட்டுக்கு வைக்கும் பட்டி நோம்பியும் முடியட்டும் என்று இருந்தேன். நேற்றுப் போனேன். சாய்குமார் காரில் கொண்டுபோய் விட்டான்.

கெங்குசாமி ஐயா வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க. இன்னும் செத்தவனைக் காப்பாத்திட்டுத்தான் இருக்கீங்களா?" என்றார். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார். ரெக்கார்டரை அவர் மடியில் வைத்துப் பட்டனை அழுத்தினேன்.

எனக்குப் பாட்டு சரியாகக் கேட்காது, அதனால் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணாஞ்சால் முடிந்தது. நிசப்தம் வந்தது. எதிர்பார்க்காதவர் மாதிரி தலையைத் தூக்கினார். மூணாஞ்சால் வந்தது, மறுபடி நிசப்தம். கட்டை விரலை மடக்கினார். அஞ்சாஞ்சால் முடிந்ததும் இன்னொரு விரல். அப்படியே மடக்கிக்கொண்டே போனார். இருபத்தொண்ணாஞ்சாலுக்குப் பிறகும் எட்டு விநாடி விட்டுத்தான் அரங்கசாமி ஐயா இருமியிருக்கிறார். இருமல் வந்ததும் இவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"பதினொண்ணு. எங்கண்ணன் ஒண்ணுகூட உடாம எனக்கு எடம் உட்டிருக்காருங்க."

பந்தலில் அவன் என்றவர், அவரு என்றார்.

அப்புறம் அழுதாருங்க. கொஞ்ச நேரம் இல்லை, நல்ல நேரம். மருமகள் ஓடி வந்தாள், போ என்று கைகாட்டினார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். நாற்பத்தொரு வருடமும் அந்த மனுசன் தோட்டத்தில் தனியாக வேலை செய்யும்போது இப்படியே பாடிக்கொண்டிருந்திருப்பார். வரிக்கு வரி நிறுத்தி, பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பதில் வருமா என்று. இவரும் கேட்டிருக்கிறார். "வேலி ஓரத்துல கேக்கும். வாயில வரும், முளுங்கிக்குவேன். அப்பறம் நிறுத்தறதையும் நிறுத்திப்போட்டாருன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

மறுபடி போடச் சொன்னார். இந்த முறை பாடினார். முதலில் மூச்சு சேரவில்லை, எட்டாஞ்சாலில் இருந்துதான் வாய் திறந்தது. உதடு அசைவதைப் பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பழக்கதோஷம், ஸ்குரூட்ரைவரைத் தேடிச் சட்டைப்பைக்குக் கை போனது. கடைசி இடம் வந்தபோது எழுந்து நின்றார். இருபத்திரண்டாஞ்சால் தம்பியுடையதாம். அதோடுதான் பாட்டு முடியுமாம். வார்த்தையை அப்புறம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இருவத்தி ரெண்டாஞ்சால் எறங்கியாச்சு அண்ணனாரே
பூட்டவுத்து ஊடு போலாம்

நாம் கேட்டது மாடு அவிழ்க்காத பாட்டுங்க, சாஜிதாம்மா.

இரண்டாவது முறை பாடியதைச் சாய்குமார் தன் போனில் பிடித்தான், பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். அண்ணன் பதிவும் தம்பி குரலும் சேர்ந்து இருக்கிறது. ஒரு விநாடிகூட வெட்டவில்லை. மோட்டார் மறுபடி போட்ட சத்தம்கூடக் கடைசியில் இருக்கும். எத்தனை நரம்பு என்று எனக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம், பார்க்கவில்லை. போன முறை அதில் போட்டுத்தான் வெட்டினேன்.

நீங்கள் கேளுங்கள். உங்களுக்குக் காது கிடையாது என்று பதினோரு வருடமாகக் கேலி செய்தவன் கேட்கிறேன். கேட்டு, உள்ளதை எழுதுங்கள்.

ல.சா.


கோவை
4.2.2025, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்டேன். மொத்தம் ஒன்பது முறை.

முதல் முறை இதே வார்டில், ஆளுக்கு ஒரு காதாக இயர்போனை மாட்டிக்கொண்டு, நானும் மீரானும். ஊசி குத்திய கையை அசைக்காமல் அவர் மறு கையால் கட்டிலில் தாளம் போட்டார். இருபத்திரண்டாஞ்சால் வந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மற்ற எட்டு முறை வீட்டில். பேத்தி அஃப்ஷீனின் பொம்மை கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணன் பாடும் நான்கு கட்டைகளிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். குரல், துத்தம், உழை, இளி. தம்பி வரியில் அந்த நாலைத் தாண்டி மேலே ஒன்று போகிறது. எனக்குக் காது இல்லை என்று தெரியும், அதனால் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அழுத்திப் பார்த்தேன். விளரி, நாம் த என்போமே, அது. ரெண்டு, நாலு, ஆறாஞ்சாலில் அது இருந்ததா என்று தெரியாது, அவற்றை அவர் பாடவில்லை. எட்டாஞ்சாலில் இருந்து கடைசி வரை, ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

அண்ணன் வரியைத் தனியாக எடுத்தால் நான்கு. தம்பியைச் சேர்த்தால் ஐந்து. அது திறத்திறம் இல்லை, திறம். நம் கண்டுபிடிப்பு போயிற்று, அண்ணா. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். பதினோரு வருடம் என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். எழுந்து முகம் கழுவிவிட்டு அடிக்குறிப்பு ஆறு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். பதினான்கு பக்கம் ஒன்பது பக்கமாகிவிட்டது. நான்கு நரம்புப் பாட்டைத் தேடிப் போனோம், கிடைக்கவில்லை, கிடைத்ததாக எட்டு வருடம் நம்பினோம் என்று தொடங்குகிறது. உங்கள் கத்திரியும் அதில் இருக்கிறது, என் நோட்டும் இருக்கிறது. அண்ணன் தம்பி வரிகளை மாறி மாறி அச்சிடச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் பெயரோடும். ரெண்டு, நாலு, ஆறு மூன்றுக்கும் வரி தெரியவில்லை. கெங்குசாமி ஐயா சொன்னால் எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்த இடங்கள் வெறுமையாகவே இருக்கும்.

வெளியீடு சித்திரைக்குத் தள்ளிப்போய்விட்டது. மீரானிடம் சொன்னேன். "இருந்தா பாக்குறேன். இல்லாட்டி அந்தப் பாட்ட எனக்கு இன்னொரு வாட்டி போடு, அது போதும்" என்றார். தினமும் போடுகிறேன்.

இன்னொன்று. நவம்பரில் அக்ஷிதா, உங்கள் பெயர் இருந்த இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டாள் அல்லவா? ஒன்றும் போடாதே, அப்படியே விடு என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபத்தில் இருந்தபோதும் அதைத்தான் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. நேற்று அட்டை வந்தது. மேலே என் பெயர், கீழே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்பார்கள்.

அச்சுக்குப் பத்து நாள் இருக்கிறது.

வஸ்ஸலாம்,
சாஜிதா


தபால் அட்டை
கிணத்துக்கடவு
11.2.2025

சாஜிதாம்மாவுக்கு,

விளரி இருக்கிறதா! எனக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்டிருக்கிறது, இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

நாலாஞ்சாலும் ஆறாஞ்சாலும் கெங்குசாமி ஐயாவுக்கு ஞாபகம் வரவில்லை. ரெண்டாஞ்சால் மட்டும் சொன்னார்: ரெண்டாஞ்சால் தண்ணி வந்தா ராகிப்பயிர் எந்திரிக்கும். மற்றது வந்தால் சொல்கிறேன் என்றார். அவசரப்படுத்தவில்லை, இடம் விட்டு வையுங்கள்.

அட்டைக்கு முழுப் பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். அக்ஷிதாவால் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

கி. லட்சுமணசாமி